சேனலில் சொல்லாமல் விட்டது

யூடியூபில் தன் அன்றாடத்தைப் பேசிப் பதிவிட்டு வந்த ஒருவருடைய வாழ்க்கை பின்னாளில் புத்தகமாக வருகிறது. அதைக் கையில் எடுக்கும் வாசகர் எதைத் தேடிப் படிக்க வேண்டும்? வீடியோவில் பார்த்ததையே மறுபடி எழுத்தில் படிப்பதற்குப் புத்தகம் எதற்கு? மேலைநாடுகளில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் அளவுகோல் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்பு வரைக்கும், மேற்குத் தொடர்ச்சி மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு போகிற அந்தச் சின்ன நிலப்பரப்புக்குள் அதைக் காட்ட முடியும் என்று நினைக்கிறேன். அதற்கு முன் ஒரு அமெரிக்கச் சிறுமியின் புத்தகத்தைப் பார்த்துவிடலாம்.

எஸ்தர் எர்ல் 1994 ஆகஸ்ட் 3 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவள். குடும்பம் பிரான்சில் வசித்துக்கொண்டிருந்தபோது, 2006இல், தைராய்டு புற்றுநோய் என்று தெரியவந்தது. அப்போது அவளுக்கு 12 வயது. பள்ளிக்கும் வெளியிடங்களுக்கும் போவது குறையக் குறைய, இணையம் அவளுக்குத் தெருவும் திண்ணையுமாக ஆனது. அதே காலத்தில் ஜான் கிரீன் என்ற நாவலாசிரியரும் அவருடைய தம்பி ஹாங்கும் ஒரு விசித்திரமான ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 2007 ஜனவரி 1 முதல் ஓராண்டுக்கு இருவரும் ஒருவருக்கொருவர் எழுத்தில் எதையும் தெரிவிப்பதில்லை, எல்லாம் வீடியோதான். அந்தச் சகோதரர்களின் பதிவுகளைச் சுற்றிக் கூடிய இளைஞர்களில் எஸ்தரும் ஒருத்தி. அவளும் தன் அறையிலிருந்தே கேமராவைப் பார்த்துப் பேசினாள், சிரித்தாள், ஹாரி பாட்டர் பற்றி அலசினாள். 2010 ஆகஸ்ட் 25 அன்று இறந்தபோது 16 வயது நிறைந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

அவளுடைய பெற்றோர் லோரியும் வெய்னும் 2014 ஜனவரியில் ‘திஸ் ஸ்டார் வோன்ட் கோ அவுட்’ என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். ஜான் கிரீன் முன்னுரை எழுதினார். சிறுமி எழுதிய நாட்குறிப்புப் பக்கங்கள், கடிதங்கள், கிறுக்கிய படங்கள், கதை முயற்சிகள், மகளின் உடல்நிலை குறித்துப் பெற்றோர் உறவினருக்கு எழுதிவந்த தகவல்கள், நண்பர்களின் நினைவுகள் எல்லாம் அதில் காலவரிசைப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. வழக்கமான தன்வரலாறு இல்லை. ஆனாலும், வீடியோ நாட்குறிப்பாளர் ஒருவரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நூல் கிடைப்பது கடினம். காரணம், ஒரே ஆள் ஊருக்குக் காட்டியதும் தனக்குள் வைத்துக்கொண்டதும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன. வீடியோக்களில் கும்மாளம்தான் மேலோங்கி நிற்கிறது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கும், பேச்சு வேறெதையோ பற்றிப் போகும். இரவில் நோட்டில் எழுதியவற்றிலோ பயம், ஜெபம், வீட்டாருக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற தவிப்பு.

இதில் எது உண்மையான எஸ்தர் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி எனக்குச் சரியாகப் படவில்லை. சிரித்ததும் உண்மை, அழுததும் உண்மை. அவள் யாருக்கு எதைக் காட்டினாள், யாருக்கு எதைக் காட்டாமல் வைத்துக்கொண்டாள் என்று பார்க்கும்போதுதான் அந்தப் பெண் முழு மனுஷியாகத் தெரிகிறாள். வீடியோவை மட்டும் பார்த்தவர்களுக்கு அவள் தைரியசாலி. நோட்டை மட்டும் படித்தால் பாவப்பட்ட பிள்ளை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, பாவப்பட்ட நிலையிலும் மற்றவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று முடிவெடுத்த ஒரு பெண். அந்த முடிவு வீடியோவிலும் தெரியாது, நோட்டிலும் தெரியாது.

எஸ்தர் சொன்னதைவிட எஸ்தரைப் பற்றிப் பிறர் சொன்னது அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது. ஜான் கிரீன் 2012இல் வெளியிட்ட ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ நாவல் அவளுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அது 2014இல் ஹாலிவுட் படமானது. 2020இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘தில் பேச்சாரா’ என்ற இந்திப் படமாகவும் வந்தது. நாவலின் நாயகி எஸ்தர் அல்ல என்று கிரீன் பலமுறை சொல்லியும் வாசகர்கள் அந்த நாயகியை எஸ்தராகவே பார்த்தார்கள். ஒரு பெண் குரலாகச் சொன்னது சில மணிநேரம். அதைச் சுற்றிப் பிறர் கட்டிய கதையோ கடல் கடந்து போய்க்கொண்டே இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. ஆண்டாள் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட விவரங்களைத் திரட்டினால் மிகக் கொஞ்சம்தான் தேறும். திருப்பாவையின் 30 பாசுரங்களிலும் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களிலும், பதிகத்தை முடிக்கும் இடங்களில், வில்லிபுத்தூர் விட்டுசித்தன் மகள் கோதை என்று கையொப்பம் இடுகிறாள். ஊர், தகப்பன், பெயர். மற்றதெல்லாம் ஏக்கமும் கனவும் கோபமும்தான். துளசி வனத்தில் கிடைத்த குழந்தை, சூடிப் பார்த்த மாலை, திருவரங்கத்துத் திருமணம் என்று நாம் அறிந்த வாழ்க்கையை விரித்து எழுதியவர்கள் பின்வந்த வைணவ ஆசாரியர்கள். அதைப் பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் ‘ஆமுக்தமால்யதா’ என்ற தெலுங்குக் காவியமாக்கினார். அந்தக் காவியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த பன்மொழிப் புலவர் மு.கு. ஜகந்நாத ராஜா. அந்த மொழிபெயர்ப்புக்கு 1989இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது. வில்லிபுத்தூர்ப் பெண்ணின் வாழ்க்கை விஜயநகரம் போய், தெலுங்கு பேசி, பக்கத்து ஊர்க்காரர் கைவழியாக வீடு திரும்பியது. குரல் ஒன்று, அதை வாழ்க்கையாகக் கோத்துத் தந்த கைகள் பல. எஸ்தரின் நூலைப் படிக்கும்போதும் எந்தக் கை எங்கே கோத்தது என்று கவனிக்கிற பழக்கம் நமக்கு இயல்பாகவே வர வேண்டும்.

ஆனால் ஆண்டாளும் எஸ்தரும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே உட்கார்ந்து திரும்பிப் பார்த்து எழுதியவர்கள் அல்லர். அப்படித் திரும்பிப் பார்த்து எழுதியவர்கள் இரண்டு பேர் அதே மலையடிவாரத்தில், அதுவும் ஒரே வீட்டில் பிறந்திருக்கிறார்கள். வத்திராயிருப்பை ஒட்டிய புதுப்பட்டியில் 1950இல் பிறந்தவர் ராஜ் கௌதமன். 1958இல் பிறந்தவர் அவருடைய தங்கை பாமா. தகப்பனார் ராணுவத்தில் வேலை பார்த்தவர். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் மதுரை ஐடியாஸ் வெளியீடாக வந்தது. ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ பத்தாண்டு கழித்து, 2002இல். அதன் தொடர்ச்சியாக ‘காலச்சுமை’ அடுத்த ஆண்டு. முன்னதைத் தன்வரலாறு என்றும் பின்னவற்றைத் தன்வரலாற்று நாவல் என்றும் வகைப்படுத்துவார்கள். வீடியோ நாட்குறிப்பாளர்களின் நூல்களை எடைபோட எனக்குக் கிடைத்த அளவுகோல் இந்த அண்ணன் தங்கை எழுத்துதான்.

‘கருக்கு’ மலைகளுக்கும் கண்மாய்களுக்கும் பெயர் சொல்லித்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஊரார் சொல்லும் காரணம் வருகிறது. பிறகு தெருக்கள். எந்தத் தெரு எங்கே, யார் எந்தப் பக்கம், யார் எந்தப் பக்கம் போக மாட்டார்கள் என்று பிசகில்லாமல் வரைந்து காட்டுகிறார். ஆனால் ஊரின் பெயரைச் சொல்லவில்லை. சொல்பவளின் பெயரும் வரவில்லை. ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1998இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைக் கவனப்படுத்தியிருக்கிறார். ‘நான்’ என்று பேசும் குரல் பெயர் இல்லாததாலேயே ஒரு தெருவின் குரலாகிவிடுகிறது.

அந்த நூலில் ஒரு காட்சியைத் தமிழ் வாசகர்கள் பலரும் அறிவார்கள். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகிற சின்னப் பிள்ளை, கடைத்தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டே மெதுவாக வருகிறாள். அவர்கள் தெருப் பெரியவர் ஒருவர் கையில் ஒரு பொட்டலத்தோடு போகிறார். பலகாரப் பொட்டலம், வடை. ஆனால் பொட்டலத்தைக் கையில் பிடிக்காமல், கட்டியிருந்த நூலை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோகிறார். இப்படிப் பிடித்தால் கட்டு அவிழ்ந்து வடை கீழே விழாதா? கொண்டுபோய் நாயக்கர் முன் குனிந்து நீட்டுகிறார். அவர் வாங்கிப் பிரித்துத் தின்கிறார். பெரிய மனுஷர் சின்னப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையைப் பார்த்துப் பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் நடித்துக் காட்டாத குறையாகச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி நூலைப் பிடித்துக் கொண்டுபோகிறார் என்று விளக்குகிறான். பிள்ளைக்கு அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

இந்தக் காட்சியை இன்று ஒரு செல்போன் பிடித்திருந்தால் எந்தப் பகுதி கிடைத்திருக்கும்? கடைத்தெருவும், பெரியவரும், அந்த நடையும் கிடைத்திருக்கும். ஷார்ட்ஸாகப் போட்டால் லட்சம் பேர் சிரித்திருப்பார்கள். அண்ணனின் பதில் கிடைத்திருக்காது. அது வீட்டுக்குள், வேறொரு நேரத்தில், படமெடுக்க ஒன்றுமே இல்லாத ஒரு பேச்சில் நடக்கிறது. சிரித்த பிள்ளைக்குச் சிரிப்பு நின்றுபோன அந்த நொடி எந்தக் கேமராவிலும் விழாது. முப்பதைத் தாண்டிய ஒரு பெண் திரும்பி உட்கார்ந்து யோசித்தால்தான் அது வரும். பாமாவின் நேர்மை இன்னொரு படி மேலே போகிறது. தான் முதலில் சிரித்ததையும் அவர் மறைக்கவில்லை. அப்போதே எல்லாம் புரிந்தது போல எழுதியிருந்தால் யார் குறை சொல்லியிருக்கப்போகிறார்கள்? சிரித்தேன் என்று எழுதியதால்தான் வாசகரும் முதலில் சிரிக்கிறார், பிறகு அந்தப் பிள்ளையோடு சேர்ந்து திகைக்கிறார். நினைவுநூல் செய்யும் வேலை இதுதான் என்று நான் சொல்லுவேன். நடந்ததைக் காட்டுவதோடு, நடந்தது பிறகு தனக்கு என்னவாக ஆனது என்பதையும் சேர்த்துக் காட்டுவது.

அந்த வேலைக்கு ஒரு விலையும் உண்டு. பாமா ஏழாண்டு கன்னியாஸ்திரியாக இருந்துவிட்டு மடத்தை விட்டு வெளியேறிய காலத்தில், கையில் எதுவும் இல்லாத நிலையில், மனப்பாரத்தை இறக்கிவைக்க எழுதத் தொடங்கியது ‘கருக்கு’. திருச்சபைக்குள் இருந்த சாதியை அது பெயர் சொல்லிக் காட்டியது. நூல் வந்தபோது அவருடைய ஊரிலேயே எதிர்ப்பு எழுந்தது. தெருச் சங்கதிகளை இப்படி அச்சில் ஏற்றலாமா என்று சொந்த சனமே கோபப்பட்டது. படித்த இளைஞர்கள்தான் பிறகு அதன் நோக்கத்தை எடுத்துச் சொன்னார்கள். பின்னர் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக அது உலகம் முழுக்கப் பாடநூலாகப் போனது என்பது தனிக்கதை. நாம் கவனிக்க வேண்டியது முதல் எதிர்ப்பை. தன்னைச் சேர்ந்தவர்களிடமே கணக்குச் சொல்லவேண்டி வரும் என்று தெரிந்தும் எழுதப்பட்ட பக்கங்கள் அவை.

ராஜ் கௌதமன் வேறு பாதையில் போனார். அதே ஊர், அதே தெரு, அதே கோயில். ஆனால் ‘நான்’ கிடையாது, சிலுவைராஜ் என்று ஒரு பையன் வருகிறான். அவனுடைய குறும்பு, பயம், படிப்பு, காதல், வேலைதேடும் அலைச்சல் எல்லாவற்றையும் ஆசிரியர் எட்ட நின்று, இரக்கமே இல்லாத நகைச்சுவையோடு பார்க்கிறார். நாவலின் முடிவில் கிறிஸ்தவத் தலித்தான சிலுவைராஜ் வேலைக்காக இந்துவாக மதம் மாறுகிறான். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினருக்கான உரிமையை இந்துக்களோடு நிறுத்தியது. பிறகு 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது. கிறிஸ்தவத் தலித்துகளுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. இப்படி ஒரு சட்டவிதி ஒருவனுடைய சாமியை மாற்றுகிறது என்பதை எப்படிப் படம்பிடிப்பது? தாலுகா ஆபீஸ் வரிசையைப் பிடிக்கலாம், சான்றிதழைக் குளோசப்பில் காட்டலாம். அந்தப் பையன் மனத்தில் பல வருஷமாகக் கூடிய கசப்பை எழுத்துதான் சுமக்கும்.

ஒரே வீட்டில் இரண்டு கேமரா வைத்தால் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே காட்சிதான் பதிவாகும். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர் எழுதிய நினைவுகளோ இரண்டு வேறு உலகங்களாக நிற்கின்றன. தங்கையின் எழுத்தில் கோபமும் பாசமும் நேராக வருகின்றன, அண்ணனுடையதில் அவை கேலிக்குள் ஒளிந்திருக்கின்றன. தங்கைக்குத் தெரு ஒரு துணை, அண்ணனுக்கு அது தப்பிக்க வேண்டிய இடமாகவும் இருக்கிறது. 2024 நவம்பரில் ராஜ் கௌதமன் மறைந்தபோது அவருடைய ஆய்வு நூல்களைப் பற்றி நிறையப் பேசினார்கள், பேசவேண்டியதுதான். சிலுவைராஜையும் கருக்கையும் அருகருகே வைத்துப் படிக்கும் வேலை இன்னும் போதுமான அளவு நடக்கவில்லை என்பது என் எண்ணம்.

இப்போது அதே நிலப்பரப்பில் எடுக்கப்படும் வீடியோக்களைப் பார்ப்போம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்று தேடினால் முதலில் வருவது ஆண்டாள் கோயில் கோபுரம், அடுத்தது பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பால்கோவா வீடியோக்கள் இன்னும் பெருகிவிட்டன. எல்லாவற்றிலும் வரிசை ஒன்றுதான். கடையின் பெயர்ப்பலகை, அகலமான இரும்பு வாணலி, கொதிக்கும் பால், நீளக் காம்பு வைத்த கரண்டியால் ஓயாமல் கிண்டும் கை, சர்க்கரை விழுந்து கெட்டியாகும் பதம், கடைசியில் வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் முகம். அடுப்படியில் நிற்பவரிடம் எத்தனை லிட்டர் பால், எவ்வளவு சர்க்கரை என்று கேட்கிறார்கள். எத்தனை வருஷமாக அந்தச் சூட்டில் நிற்கிறார், வீடு எங்கே, பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவார்களா என்று கேட்பவர் அரிது. ராஜபாளையம் என்றால் நாய், மாம்பழம், அய்யனார் கோயில் ஆறு. நூற்பாலைகளின் சங்குச் சத்தத்துக்கு எழுந்து ஷிஃப்டுக்குப் போய் வந்த பெண்ணின் ஒரு நாள் அங்கே கிடைப்பதில்லை. ‘கருக்கு’ எழுதப்பட்டபோது சிவகாசித் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு விடியுமுன் பஸ் ஏறிய சின்னப் பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். மலைக்குப் போய் விறகு சுமந்து வந்த பெண்கள் இருக்கிறார்கள். அதே மலை இன்று டிரோனில் அழகாகத் தெரிகிறது.

வீடியோ எடுப்பவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் பலர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். எழுத்தை நுழையவிடாத வீட்டுக்குள்ளும் செல்போன் போயிருக்கிறது. பேனா பிடிக்கக் கூச்சப்படுகிற பெண்கள் கேமரா முன்னால் தங்கள் பேச்சிலேயே சரளமாகப் பேசுகிறார்கள். ‘கருக்கு’ வந்தபோது அதன் பேச்சுமொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்று அந்த வட்டாரப் பேச்சு அப்படியே ஆயிரக்கணக்கான வீடியோக்களில் ஒலிக்கிறது. அது பெரிய விஷயம், இலக்கியத்துக்கும் மொழியாராய்ச்சிக்கும் கிடைத்த செல்வம். ஆனால் அன்றன்றைக்குப் பதிவிடுகிறவருக்கு அன்றன்றைக்கே பார்வையாளர் கணக்கு வந்துவிடுகிறது. எதைச் சொன்னால் பார்க்கிறார்கள் என்று தெரிந்தபின் அதையே மறுபடி சொல்லத் தோன்றும். சொன்னால் யார் மனம் புண்படும், எந்தச் சொந்தக்காரர் சண்டைக்கு வருவார் என்பதும் கூடவே தெரியும். அதனால் கேமரா அணைந்தபின் மிஞ்சுவது ஒவ்வொருவரிடமும் நிறைய இருக்கிறது.

வாரா வாரம் வாசகரை எதிர்கொண்டு வாழ்க்கையை எழுதுவது நமக்குப் பழக்கம்தான். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அவர் 1942 ஏப்ரலில் மறைந்தபோது 122 அத்தியாயங்களோடு முடிவுபெறாமல் நின்றது, 1950இல் நூலாயிற்று. அடுத்த வாரம் எப்போது வரும் என்று வாசகர் காத்திருந்ததில் இன்றைய சந்தாதாரர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐயர் எழுதிய விஷயங்கள் மட்டும் அரை நூற்றாண்டுக்கும் மேல் பழையவை. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட பையனை எண்பதைத் தாண்டிய கிழவர் பார்க்கிறார். அந்த இடைவெளிதான் அந்த நூலுக்கு உயிர். யூடியூபிலும் அப்படி ஒருவர் இருந்தார். பீட்டர் ஓக்லி என்ற ஆங்கிலேய முதியவர், மனைவியை இழந்து தனியாக வாழ்ந்தவர், 2006 ஆகஸ்ட் 5 அன்று, 79 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கும்போது, முதல் வீடியோவைப் போட்டார். பிறகு ‘டெல்லிங் இட் ஆல்’ என்ற தலைப்பில் சிறுவயது, பள்ளி, போர்க்காலத்தில் ரேடார் வேலை என்று வாழ்க்கையைப் பகுதி பகுதியாகச் சொன்னார். இளைஞர்களுக்கென்று எல்லாரும் நினைத்திருந்த தளத்தில் அந்த ஆண்டு அதிகச் சந்தாதாரர் பெற்றவர்களில் ஒருவரானார். 2014 மார்ச்சில் இறக்கும்வரை பேசினார். அவர் காட்டியதில் பார்க்க ஒன்றுமில்லை, நாற்காலியில் ஒரு கிழவர், அவ்வளவுதான். காலம் கடந்து திரும்பிப் பார்ப்பவர் பேசினால் வீடியோவும் நினைவுநூலாகும் என்பதற்கு அவர் சாட்சி.

அதற்கு நேர்மாறான சங்கதியும் நடந்தது. 2014இல் அமெரிக்காவில் சைமன் அண்டு ஷுஸ்டர் பதிப்பகம் யூடியூப் பிரபலங்களின் புத்தகங்களுக்கென்றே ‘கீவேர்ட்ஸ் பிரஸ்’ என்ற தனிப் பிரிவைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே இருபதுகளில் இருந்தவர்களின் நினைவுநூல்கள் அடுத்தடுத்து வந்தன. 2014 நவம்பரில் பிரிட்டனில் ஜோயி சக் என்ற யூடியூபர் பெயரில் வந்த ‘கேர்ள் ஆன்லைன்’ நாவல் முதல் வாரத்திலேயே 78,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. அவர் அதைத் தனியாக எழுதவில்லை என்று பதிப்பகம் பிறகு ஒப்புக்கொண்டது. சேனலின் நீட்சியாக, ரசிகர் வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளாகப் புத்தகம் ஆகிவிட்டால் அதில் தேட எதுவும் இருக்காது. வீடியோவில் இருந்த அதே முகம், அதே சிரிப்பு அட்டையிலும் இருக்கும். அப்படிப்பட்ட நூலைப் படிக்காமல் விடுவதால் நஷ்டமில்லை. எஸ்தரின் நூல் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. அது பதிப்பகம் கேட்டு எழுதப்பட்டதல்ல, அதன் உயிரான பக்கங்கள் ஒரு சிறுமி யாருக்கும் காட்டாமல் எழுதியவை.

ஆகவே, வீடியோ நாட்குறிப்பாளர் ஒருவரின் நினைவுநூலை எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, சேனலில் சொல்லாத எதை இது சொல்கிறது என்பதைத்தான். அடுத்து, சொன்னதால் எழுதியவர் யாரிடமாவது எதையாவது இழக்க நேர்ந்ததா என்று பார்க்கிறேன். பார்வையாளர்களிடமிருந்து மட்டுமல்ல, அம்மாவிடமிருந்தோ தெருவிலிருந்தோ சபையிலிருந்தோ. இந்த இரண்டுக்கும் விடை இல்லாத நூல் எவ்வளவு விற்றாலும் விளம்பரம்தான். ‘கருக்கு’ இரண்டிலும் தேறுகிறது. எஸ்தரின் நூல் முதலாவதில் முழுதாகத் தேறுகிறது. இரண்டாவதற்கு விடை சொல்ல அவள் உயிரோடு இல்லை, அந்தத் துணிச்சலை அவளுடைய பெற்றோர் ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. நம் கிராமங்களில் தறி ஓட்டியவர்கள், கட்டட வேலை பார்த்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள் அதில் தங்கள் நாட்களைப் பதிந்து வைத்திருந்தார்கள். தடைக்கான காரணங்களுக்குள் நான் போகவில்லை. பிரதி எடுத்து வைக்காதவர்களின் பதிவுகள் நம் கைக்கு எட்டாமல் போயின என்பதுதான் விஷயம். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அவர் காலமாகி எண்பத்தைந்து ஆண்டு கழித்து 1846இல் வெளிச்சத்துக்கு வந்தது. தாளில் இருந்ததால், வீட்டில் யாரோ எடுத்து வைத்திருந்ததால், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்துப் புதுச்சேரி நமக்குக் கிடைத்திருக்கிறது. இன்றைய செல்போன் நாட்குறிப்புகளை அப்படி எடுத்து வைப்பவர் யார்?

ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டையே பொதுவுக்குக் கொடுத்து உருவான இடம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வத்திராயிருப்பிலும் அரசு நூலகங்கள் உள்ளன, கல்லூரிகள் உள்ளன. இப்படிப்பட்ட இடங்களில் இரண்டு வேலைகளைத் தொடங்கலாம். ஒன்று, இந்தப் பகுதியில் அன்றாடத்தைப் பதிவிடுகிறவர்களிடம் சம்மதம் கேட்டு, வீடியோக்களின் பிரதியை வட்டில் வாங்கி, தேதியும் இடமும் குறித்து வைப்பது. மற்றது, அவர்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, வீடியோவில் சொல்லாததை எழுதச் சொல்வது. இப்போதே அச்சிட வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம். பால்கோவா அடுப்படியில் நிற்பவர், மில்லில் நைட் ஷிஃப்ட் பார்த்தவர், விறகுக்கு மலையேறியவர் ஆகியோருக்கும் அந்த நோட்டு போய்ச் சேர வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்லட்டும், பேரப்பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். இதைப் படிக்கிற ஆசிரியர்களும் நூலகர்களும் இந்த விடுமுறையிலேயே ஒரு தெருவில் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.